டிரெய்ன் போல்ட் மரை போனால்: வீட்டு சர்வீஸில் வரும் சேதங்களைச் சரிசெய்தல்

பைக்கில் ஆயில் மாற்றிவிட்டு, இன்ஜினின் அடியில் ஆயில் வடிப்பதற்காக உள்ள டிரெய்ன் போல்ட்டை முடுக்கும்போது ஸ்பேனர் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி வந்து, சட்டென்று லேசாகிவிட்டால், அந்த நொடியிலேயே கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் கால் சுற்றுப் போட்டால் பிடித்துவிடும் என்று தோன்றும். பிடிக்காது. உள்ளே அலுமினிய மரை உரிந்துகொண்டிருக்கிறது. அப்போதே நிறுத்தினால் மிச்சமிருக்கும் மரையை வைத்தே வேலையை முடிக்க வாய்ப்பு உண்டு. அதே இடத்தில் மறுபடி பலம் காட்டினால் இன்ஜினின் அடிக்கூடான கிரேங்க்கேஸுக்கே செலவு வைக்கும்.

இங்கே சொல்பவை 100 முதல் 150 சிசி வரையுள்ள, காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்குப் பொருந்தும். அளவுகள் இந்த வகையில் வழக்கமாக வருபவை. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரெய்ன் போல்ட்

போல்ட் இரும்பு, அது ஏறும் கிரேங்க்கேஸ் அலுமினியம். இரண்டும் மோதினால் தோற்பது எப்போதும் அலுமினியம்தான். பல வண்டிகளில் இந்த போல்ட் 12 மி.மீ. தடிமன், மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி, 17 ஸ்பேனர் பிடிக்கும் தலை. இதற்குத் தேவையான இறுக்கம் 25 நியூட்டன் மீட்டர் அளவுதான். 25 செ.மீ. நீள ரிங் ஸ்பேனரின் நுனியைச் சுமார் 10 கிலோ பலத்தில் இழுத்தாலே அது வந்துவிடும். ஒரு கை போதும். எழுந்து நின்று உடம்பைச் சாய்த்து இழுத்தால் இருபது கிலோ சுலபமாக வரும், இறுக்கம் இரட்டிப்பாகும். ஸ்பேனரில் பைப்பைச் செருகி முடுக்குபவர்கள் இதைவிட எவ்வளவோ தாண்டிப் போகிறார்கள்.

மரை போவதற்கு வாஷரும் ஒரு காரணம். பழைய வாஷர் சப்பையாகி, கெட்டியாகி, மறுபடி நசுங்காத நிலைக்கு வந்திருக்கும். கசிவது வாஷர். அதை மாற்றாமல் கசிவை நிறுத்த போல்ட்டை இன்னும் முடுக்குகிறோம். இன்னொன்று கண்ணில் படாமல் நடப்பது: பழைய வாஷர் கிரேங்க்கேஸிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதைப் போட்டுவிடுவது. வாஷர் ஒன்றரை மி.மீ. தடிமன் என்றால் போல்ட் ஒரு மரை குறைவாக உள்ளே போகிறது. ஏற்கெனவே ஐந்தாறு மரையில் நிற்கும் போல்ட்டுக்கு அது பெரிய இழப்பு. புது வாஷர் போடும் முன்பு ஓட்டையைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். விளிம்பு மாதிரி தட்டுப்பட்டால் அது பழைய வாஷர்.

சேதம் எவ்வளவு என்று தெரிய போல்ட்டை முழுவதும் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். போல்ட்டின் மரைப் பள்ளத்தில் வெள்ளி நிறத்தில் மெல்லிய கம்பிச் சுருள் மாதிரி ஏதாவது சுற்றிக்கொண்டிருந்தால், அது கிரேங்க்கேஸிலிருந்து உரிந்து வந்த மரை. அதை ஊசியால் நெம்பி எடுத்து எத்தனை சுற்று இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்று இரண்டு என்றால் வெளிப்பக்க மரை மட்டும் போயிருக்கிறது. நான்கு ஐந்து என்றால் உள்ளே பிடிக்க எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சுருளே இல்லாமல், போல்ட்டை கையால் திருகும்போது மட்டும் கரகரவென்று இருந்தால் மரை நசுங்கியிருக்கிறது, உரியவில்லை. மரை வெட்டும் கருவியான டேப்பில் 12 x 1.5 அளவுள்ளதை எடுத்து, அதன் பள்ளங்களில் கிரீஸை நிரப்பி, கையால் மட்டும் பிடித்து, அரைச் சுற்று உள்ளே, கால் சுற்றுப் பின்னே என்று விட்டு எடுத்தால் மரை நிமிர்ந்துவிடும். கிரீஸ் எதற்கென்றால், அலுமினியத் துகள் உள்ளே விழாமல் அதில் ஒட்டிக்கொள்ளும். டேப் வாங்கும்போது 1.25, 1.75 இடைவெளிகளிலும் 12 மி.மீ. டேப் கிடைக்கும் என்பதை மறக்கக் கூடாது. கடையில் பழைய போல்ட்டைக் கொடுத்து, டேப்பின் பற்களும் போல்ட்டின் பற்களும் ஒன்றுக்குள் ஒன்று இடைவெளி இல்லாமல் அமர்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துதான் வாங்க வேண்டும்.

வெளி மரை மட்டும் போயிருந்தால் கொஞ்சம் நீளமான போல்ட் பிடிக்கும். ஆனால் எவ்வளவு நீளம் என்பதை ஊகிக்க வேண்டாம். ஒரு தீக்குச்சியை ஓட்டைக்குள் விட்டு, மரை எங்கே முடிகிறது, அதற்கு அப்பால் எவ்வளவு தூரத்தில் முட்டுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். போல்ட் நுனி உள்ளே சுற்றும் பாகத்தில் பட்டால் மரையைவிடப் பெரிய இழப்பு.

மரை முழுவதும் போயிருந்தால் வழி இரண்டு. 14 x 1.5 போல்ட்டுக்கு ஓட்டையைப் பெரிதாக்கி மரை போடுவது ஒன்று. 12.5 டிரில் விட்டு, 14 டேப் போட்டு, 14 மி.மீ. வாஷரோடு பொருத்துவார்கள். ஓட்டையைச் சுற்றிச் சுவர் தடிமனாக இருந்தால் இது நல்ல வழிதான். சுவர் மெலிதாக இருந்தால் விரிசல் விடும். மற்றது ஹெலிகாயில். ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருளை உள்ளே திருகி, பழைய 12 மி.மீ. போல்ட்டையே மறுபடி போடலாம். அடிக்கடி கழற்றி மாட்டும் இடத்துக்கு அலுமினிய மரையைவிட இந்தச் சுருள் மரை நன்றாகத் தாங்கும். இதுவும் வெளியே சுமார் 14 மி.மீ. இடம் கேட்கும் என்பதால் சுவரைப் பார்க்கும் வேலை இதற்கும் உண்டு. டிரில்லை நேராகப் பிடிக்கக் கை பழகாதவர்கள் இந்த ஒரு வேலையை லேத் பட்டறையில் கொடுத்துவிடுவது நல்லது. கோணலாக விழுந்த மரையில் போல்ட் தலையின் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், எந்த வாஷர் போட்டாலும் கசியும்.

ஹெலிகாயிலை வீட்டிலேயே போடுவதென்றால், ஆயிலை முழுவதும் வடித்து, கிட்டோடு வந்த டிரில்லையும் டேப்பையும் மட்டுமே பயன்படுத்துங்கள். இரண்டிலும் கிரீஸ். நாலைந்து மி.மீ. உள்ளே போனதும் வெளியே எடுத்து, கிரீஸைத் துடைத்து, புதிதாகப் பூசி மறுபடி விட வேண்டும். ஒரே மூச்சில் டிரில்லை இறக்கினால் துகள் முழுவதும் இன்ஜினுக்குள் போய்விடும். சுருளை மேற்பரப்பிலிருந்து அரைச் சுற்று உள்வாங்கி நிற்கும்படி திருகுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வாஷர் அமராது. கடைசியில் சுருளின் அடியில் குறுக்காக இருக்கும் சின்ன நாக்கைத் தட்டி உடைக்க வேண்டும். அந்த நாக்கை எண்ணி எடுத்து வெளியே வைத்த பிறகுதான் அடுத்த வேலை. காந்தத்தால் எடுத்துவிடலாம் என்று விட்டுவிடாதீர்கள், ஸ்டெயின்லெஸ்ஸைக் காந்தம் சரியாகப் பிடிக்காது. தட்டும் முன்பே நாக்கின் மேல் கெட்டியாகக் கிரீஸ் அப்பிவிட்டால் உடைந்த துண்டு அதிலேயே நிற்கும், நீள மூக்கு இடுக்கியால் எடுத்துவிடலாம். சுருளின் பின்புறமாக ஆயில் ஏறி வர வழி உண்டு என்பதால், திருகும் முன்பு வெளி மரையில் ஆயிலைத் தாங்கும் மரைப் பசையை மெல்லிசாகத் தடவுவது நல்லது.

எந்த வழியில் மரை போட்டாலும் கழுவுதல் கட்டாயம். டிரெய்ன் ஓட்டை திறந்திருக்க, மேலே ஆயில் ஊற்றும் வாய் வழியாக 200 மி.லி. மலிவான இன்ஜின் ஆயிலை ஊற்றி, வண்டியை இடமும் வலமும் சாய்த்து வடிய விடுங்கள். கீழே ஒரு வெள்ளைத் துணி. துணியில் மினுமினுப்பு இல்லாமல் போகும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பெரும்பாலும் மூன்று தடவையில் சுத்தமாகிவிடும். அலுமினியத் துகள் காந்தத்தில் ஒட்டாது, ஆயில் சல்லடையில் தங்கியது போக மிச்சமிருக்கும் நுண்துகள் பேரிங்கைத் தேடிப் போகும். 200 மி.லி. ஆயிலில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

டெஃப்லான் டேப் சுற்றுவது, எம்-சீல் அப்புவது இரண்டும் ஊரில் அதிகம் நடக்கின்றன. டேப்பின் கிழிசல் உள்ளே போய் ஆயில் சல்லடையில் படியும். ஆயில் ஊறிய அலுமினியத்தில் எம்-சீல் பிடிப்பது நம்பகமில்லை, இன்ஜின் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக விடும். நெடுஞ்சாலையில் போல்ட் விழுந்தால் பின்சக்கரத்தின் மேல்தான் ஆயில் கொட்டும். அதனால் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குக்கூட இவற்றை நம்பக் கூடாது.

புது வாஷரோடு போல்ட்டை மாட்டி ஆயில் ஊற்றியதும் சோதனை. போல்ட்டைச் சுற்றித் துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்குங்கள். பத்து நிமிடம் ஐடிலில் ஓட்டி நிறுத்தி, இரவு முழுக்க விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவுகூட சாக்பீஸ் பூச்சில் கருப்பு வளையமாகத் தெரியும்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹோண்டா கப் வழி வந்த படுக்கை வாட்ட இன்ஜின்கள் சிலவற்றில் அடியில் இன்னொரு போல்ட் உண்டு. அதைக் கழற்றினால் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு கம்பியும் கொஞ்சம் ஆயிலும் வரும். அது இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினை விறைப்பாகப் பிடிக்கும் டென்ஷனர். தவறிக் கழற்றியிருந்தால் பதற வேண்டியதில்லை. துடைத்து, முதலில் கம்பி, அடுத்து ஸ்பிரிங், கடைசியில் போல்ட் என்ற வரிசையில் மாட்டிவிடலாம். மாட்டாமல் இன்ஜினை மட்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

ஆயில் அதிகமானால், ஆயில் மாறினால்

கையேட்டில் ஆயில் அளவு இரண்டு இருக்கும். ஒன்று ஆயில் மாற்றும்போது ஊற்றுவது, இன்னொன்று இன்ஜினை முழுவதும் பிரித்துக் கட்டும்போது ஊற்றுவது. இரண்டாவது எண் 100, 200 மி.லி. அதிகம். அதைப் பார்த்து ஊற்றுவதும், 1 லிட்டர் டப்பாவை அப்படியே கவிழ்ப்பதும்தான் ஆயில் அதிகமாவதற்குக் காரணம். அதிகமான ஆயிலைக் கிரேங்க் அடித்து நுரையாக்கும். பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் ஏறும், புகை வரும், வண்டி பாரம் இழுப்பது மாதிரி மந்தமாகும்.

ஆயிலைக் குறைக்க டிரெய்ன் போல்ட்டைத் தொட வேண்டாம். 50 மி.லி. சிரிஞ்சில் மெல்லிய குழாயை மாட்டி, ஆயில் ஊற்றும் வாய் வழியாக உறிஞ்சி, ஒவ்வொரு முறையும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பார்க்கும் முறையிலும் தவறு நடக்கிறது: சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் மரை விளிம்பில் வைத்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் உண்மையான அளவைவிட அதிகமாகக் காட்டும், அப்போது குறைவாக ஊற்றிவிடுவோம். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் உள்ள வடிகுழாயின் மூடியைக் கழற்றி, அங்கே தேங்கிய ஆயிலையும் வடித்துவிடுங்கள். காகித ஃபில்டர் ஆயிலில் நனைந்திருந்தால் மாற்றுவதுதான் வழி. சில வண்டிகளில் தொழிற்சாலையிலேயே எண்ணெய் ஏற்றிய பிசுபிசுப்பான காகித ஃபில்டர் வரும். அதை அழுக்கென்று நினைத்து பெட்ரோலில் கழுவியிருந்தாலும், காற்றடித்திருந்தாலும் அதன் வேலை முடிந்தது.

கார் ஆயிலை ஊற்றிவிட்டால் விஷயம் வேறு. இந்த வண்டிகளில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கி நிற்கின்றன. எரிபொருள் சேமிப்புக்காகக் கார் ஆயில் சிலவற்றில் சேர்க்கும் வழுக்குப் பொருள் தட்டுகளில் படிந்தால் கிளட்ச் வழுக்கும்: ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. நான்காவது கியரில் ஏற்றத்தில் முதலில் தெரியும். டப்பாவில் ஜேஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருப்பதுதான் இந்த வண்டிகளுக்கு. எம்பி என்றிருந்தால் அது ஸ்கூட்டருக்கானது. தவறான ஆயிலை உடனே வடித்து, சரியான ஆயிலை ஊற்றி 100, 150 கி.மீ. ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். பெரும்பாலும் இதிலேயே கிளட்ச் திரும்பிவிடும். அப்போதும் வழுக்கினால் தட்டுகளைக் கழற்றிக் கழுவி, புது ஆயிலில் ஊறவைத்து மாட்ட வேண்டியதுதான். இடையில் வழுக்க வழுக்க ஓட்டினால் தட்டு கருகும், கருகியதைக் கழுவிப் பயனில்லை.

ஸ்பார்க் பிளக் கோணலாக ஏறினால்

டிரெய்ன் போல்ட்டைவிட இது பயப்பட வேண்டிய இடம், ஏனென்றால் மரை இருப்பது சிலிண்டர் ஹெட்டில். இந்த வண்டிகளில் பிளக் மரை பெரும்பாலும் 10 மி.மீ. தடிமன், 1 மி.மீ. இடைவெளி. மரை நீளம் 12.7 மி.மீ. என்றால், சரியாக ஏறும் பிளக் கை விரலாலேயே பத்துச் சுற்றுக்கு மேல் போக வேண்டும். இரண்டு சுற்றிலேயே ஸ்பேனர் கேட்டால் அது கோணல். உடனே பின்னால் திருகி எடுத்துவிடுங்கள்.

பிளக்கை ஆரம்பிக்க நல்ல வழி, ஒரு சாண் பழைய பெட்ரோல் டியூபை அதன் பீங்கான் முனையில் செருகி, டியூபைத் திருகுவது. மரை மாறினால் டியூப் வழுக்கிவிடும், அதனால் மரையை வெட்டும் அளவுக்குப் பலமே போகாது. முதலில் இடது பக்கமாகத் திருகினால் ஓரிடத்தில் 'டக்' என்று விழும். அங்கிருந்து வலது பக்கம் திருகுங்கள்.

முதல் இரண்டு மூன்று மரை மட்டும் கெட்டிருந்தால் 10 x 1.0 டேப்பை, அல்லது மரையைச் சீர்செய்ய என்றே விற்கும் சேஸரைப் பயன்படுத்தலாம். ஹார்டுவேர் கடையில் 10 மி.மீ. டேப் என்று மட்டும் கேட்டால் 1.5 இடைவெளி உள்ளதைத்தான் கையில் கொடுப்பார்கள். அதை விட்டால் இருக்கும் நல்ல மரையும் போய்விடும். சேஸரின் பள்ளங்களில் கிரீஸ், பிஸ்டன் மேலே வந்து நிற்க வேண்டும், கையால் மட்டும் திருக வேண்டும். நேராக நிற்கிறதா என்று முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். முடிந்ததும், வாக்குவம் கிளீனரில் மெல்லிய குழாயை ஒட்டும் டேப் சுற்றி மாட்டி உள்ளே உறிஞ்சுங்கள். பெட்ரோல் வாடை அடங்கிய பிறகே இதைச் செய்ய வேண்டும். பிறகு சாவியை அணைத்துவிட்டு, பிளக் ஓட்டையின் மேல் துணியைப் பிடித்து, பத்துப் பதினைந்து கிக் அடித்தால் மிச்சத் துகளும் காற்றோடு வெளியே வரும்.

புது பிளக் விரலால் அமர்ந்த பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று. ஏற்கெனவே போட்டிருந்த பிளக் என்றால் அரைக்கால் சுற்று போதும், அதன் வாஷர் முன்பே நசுங்கியிருக்கிறது. இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 12 நியூட்டன் மீட்டர்.

உடைந்த கவர் போல்ட், தேய்ந்த ஸ்க்ரூ

கிளட்ச் கவரின் 6 மி.மீ. போல்ட்டுகளுக்கு 10, 12 நியூட்டன் மீட்டருக்கு மேல் ஆகாது. 8 தலை போல்ட்டுக்குச் சின்ன டி ஸ்பேனரே போதும். தலை உடைந்துவிட்டால் டிரில்லைக் கையில் எடுக்காதீர்கள். மற்ற போல்ட்டுகளைக் கழற்றி, கவரை வெளியே இழுங்கள். உடைந்த போல்ட்டின் மிச்சம் கவர் தடிமன் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தலை இழுத்துப் பிடித்த இறுக்கமும் போய்விட்டதால், பல சமயம் கிரிப் பிளையரில் பிடித்து மெதுவாகத் திருகினாலே வந்துவிடும். வராவிட்டால் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். அடுத்து ஹீட் கன்னால் போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கிப் பாருங்கள். இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் பிடி தளரும். பெட்ரோல் டேங்க், டியூப் பக்கத்தில் இந்தச் சூட்டு வேலை கூடாது.

கவர் போல்ட்டுகளின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். நீளமானது குட்டை ஓட்டையில் ஏறினால் அடியில் முட்டி, இறுகியது போலவே தோன்றும், கவர் மட்டும் ஆடும். இன்னும் முடுக்கினால் கேஸிங் விரிசல். ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்தில் குத்தி வைத்தால் இந்தக் குழப்பமே வராது. குழப்பம் வந்துவிட்டால், எல்லா போல்ட்டையும் கையால் முட்டும் வரை விட்டுப் பார்த்து, தலைக்கும் கவருக்கும் இடையில் தெரியும் நீளத்தை ஒப்பிடுங்கள். எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவு வெளியே நின்றால் சரி.

கேஸ்கெட் கிழிந்ததற்கு சிலிக்கான் பசையைத் தாராளமாக அப்பியிருந்தால் கவரை மறுபடி கழற்றுவதே பாதுகாப்பு. வெளியே பிதுங்கிய அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது துண்டாகி ஆயில் சல்லடையில் அடைந்தால் ஹெட்டுக்கு ஆயில் போகாது. பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். பிளேடு போட்டால் அலுமினியப் பரப்பில் கோடு விழும், அந்தக் கோட்டிலேயே கசியும்.

கார்புரேட்டர் அடிக்கிண்ண ஸ்க்ரூக்களின் நட்சத்திரப் பள்ளம் தேய்வது, பெரும்பாலும் ஸ்க்ரூடிரைவர் முனை பொருந்தாததால். ஜப்பான் வழி வந்த வண்டிகளில் பள்ளத்தின் வடிவம் சாதாரண ஸ்டார் டிரைவரிலிருந்து கொஞ்சம் மாறும். முனை அடி வரை போகாமல் மேலே ஏறி வழுக்கும். தேயத் தொடங்கியதுமே நிறுத்தி, டிரைவரின் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, முனையில் வால்வு தேய்க்கும் பசையைப் பூசித் திருகுங்கள். அந்தப் பசையின் மணல் பிடி கொடுக்கும். முழுவதும் தேய்ந்திருந்தால் ஸ்க்ரூ தலையைக் கிரிப் பிளையரால் பக்கவாட்டில் பிடித்துத் திருகலாம்.

உள்ளே பித்தளை ஜெட்டைக் கம்பியால் குத்தியிருந்தால் ஜெட்டை மாற்றிவிடுங்கள். ஓட்டை நூலளவு பெரிதானாலும் பெட்ரோல் அதிகம் போகும், பிளக் கரியாகும், மைலேஜ் இறங்கும், எத்தனை டியூனிங் செய்தாலும் சரிவராது. கிண்ணத்தின் ரப்பர் கேஸ்கெட் பெட்ரோலில் உப்பி, பள்ளத்தில் அமர மறுத்தால் அதை வெட்டக் கூடாது. ஒரு இரவு காயவிட்டால் பழைய அளவுக்குச் சுருங்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் என்பதால் பெட்ரோல் குழாயில் அழுத்தம் இருக்கும். அந்தக் குழாயைக் கார்புரேட்டர் வண்டி பழக்கத்தில் பிடுங்கினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும்.

பிரேக்

இந்த ஒரு பகுதியில் சமாளிப்பு வேலை எதுவும் கூடாது. செயினுக்கு அடித்த ஸ்பிரே டிஸ்க்கில் பட்டாலோ, டபிள்யூடி-40 தெறித்தாலோ, டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் அல்லது ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். பேடை அப்படிக் காப்பாற்ற முடியாது. அது நுண்துளை உள்ள பொருள், எண்ணெயை உறிஞ்சிவிடும். உப்புத்தாளில் தேய்த்தால் மேற்பரப்பு சுத்தமாகத் தெரியும், சூடானதும் உள்ளேயிருந்து எண்ணெய் மறுபடி மேலே வரும். புது பேடுதான் போட வேண்டும். டிரம் பிரேக்கில் கேம் தண்டுக்கு வைத்த கிரீஸ் அதிகமாகி ஷூவில் பட்டாலும் இதே கணக்கு.

பிரேக் ஆயில் பெயிண்டில் சிந்தினால் துணியால் துடைக்காமல் முதலில் தண்ணீரை ஊற்றுங்கள். டாட் 3, டாட் 4 இரண்டும் தண்ணீரில் கரையும். துடைத்தால் பரவும், பரவிய இடமெல்லாம் பெயிண்ட் உப்பும். தண்ணீரை இழுக்கும் இதே குணத்தால்தான் திறந்து வைத்த டப்பா கெடுகிறது: டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய நிலையில் அதற்கு வகுத்த குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். பாதி டப்பாவை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்க வேண்டாம்.

பேடைக் கழற்றியிருக்கும்போது யாரோ லிவரை அழுத்திவிட்டால், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் வெளியே தள்ளும். ரப்பர் இன்னும் பிடித்திருக்கும் நிலையில், பழைய பேடைக் குறுக்கே வைத்து, கட்டை விரல்களால் அல்லது சி-கிளாம்பால் நேராக உள்ளே தள்ளலாம். மேலே ஆயில் கிண்ணம் வழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிஸ்டன் முழுவதும் வெளியே விழுந்திருந்தால் புது ரப்பர் சீலும் காற்று வெளியேற்றுதலும் தேவைப்படும். பழக்கமில்லாதவர்கள் அதை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

லிவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று. காலிப்பரில் காற்றை வெளியேற்ற உள்ள பிளீடர் நிப்பிளில் வெள்ளைக் குழாயை மாட்டி, மறுமுனையைப் பிரேக் ஆயிலில் மூழ்க வைத்து, லிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து மூடுங்கள். மூடிய பிறகே லிவரை விட வேண்டும். கிண்ணத்தில் ஆயில் அடிக்கோட்டுக்குக் கீழே போனால் மறுபடி காற்று ஏறி, செய்த வேலை வீணாகும். குமிழி நின்றதும் நிப்பிளை மெதுவாக இறுக்குங்கள். 6 நியூட்டன் மீட்டர் போதும், உள்ளே துளையுள்ள சின்ன போல்ட் அது, சுலபமாக முறியும். வண்டியை நகர்த்தும் முன்பு லிவர் கெட்டியாகும் வரை பலமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளியிருந்தால் முதல் இரண்டு அழுத்தத்தில் பிரேக்கே இருக்காது.

பின்சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் டிரம் தட்டைப் பிடித்திருக்கும் டார்க் ஆர்ம் நட்டையும் அதன் காட்டர் பின்னையும் கண்ணால் பாருங்கள். அந்தக் கம்பி கழன்றிருந்தால் பிரேக் மிதித்ததும் டிரம் தட்டே சக்கரத்தோடு சுற்றும், சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

செயின், பேட்டரி

செயினை டைட்டாக வைத்துவிடுவதுதான் செயினில் நடக்கும் பெரிய தவறு. ஸ்டாண்டில் சரியாகத் தெரியும் செயின், ஆள் ஏறி உட்கார்ந்ததும் கம்பி மாதிரி விறைக்கும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் பிவட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகம் இழுபடும். அடி ஓட்டத்தின் நடுவில் மேலும் கீழும் ஆடும் அளவு 20 முதல் 30 மி.மீ. என்று பல வண்டிகளில் சொல்கிறார்கள். சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, மிகவும் டைட்டான இடத்தில் இந்த அளவை வையுங்கள். டைட்டைக் குறைக்க அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் மட்டும் போதாது. அட்ஜஸ்டர் சக்கரத்தைப் பின்னால் இழுக்கும், முன்னால் தள்ளாது. ஆக்சில் நட்டைத் தளர்த்தி, டயரைக் கையால் முன்பக்கம் தட்டி நகர்த்தி, இருபக்கக் கோடுகளும் ஒன்றா என்று பார்த்து இறுக்க வேண்டும். சக்கரம் நகர்ந்தால் பின் பிரேக் பெடலின் ஆட்டமும் மாறும், அதையும் சரிசெய்துகொள்ளுங்கள்.

லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மாற்றிப் போட்டிருந்தால் இன்றே திருப்புங்கள். செயின் எண்ணெய் டயரில் தெறித்திருந்தால் பெட்ரோல் போட வேண்டாம், பாத்திரம் துலக்கும் சோப்பும் வெந்நீரும் போதும். ஓ-ரிங் செயினையும் பெட்ரோலில் கழுவக் கூடாது, மண்ணெண்ணெய் சரி.

பேட்டரி முனை மாறிப்போனால் பெரும்பாலும் ஃபியூஸ் போய்விடும், அதுவே அதன் வேலை. அதே ஆம்பியர் புது ஃபியூஸ் போட்டுப் பாருங்கள். மறுபடி போனால் ரெகுலேட்டர் அடிபட்டிருக்கலாம். சிகரெட் பெட்டித் தாள், கம்பி எதுவும் ஃபியூஸ் இடத்தில் கூடாது, அடுத்து எரிவது வயரிங். ஸ்டார்ட் ஆனதும் மீட்டரில் பேட்டரி முனைகளை அளந்து, ஆக்ஸிலேட்டரை உயர்த்தும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வந்தால் சார்ஜிங் பிழைத்தது. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், கழற்றும்போது நெகட்டிவ் முதலில்.

எல்லாம் முடிந்து வண்டியை வெளியே எடுக்கும் முன்பு, கழற்றி மாட்டிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து கேஸிங் வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். 50 கி.மீ. ஓடியதும் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு உடைந்து விலகியிருக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறது. வடித்த ஆயிலைப் பழைய டப்பாவிலேயே ஊற்றி மூடி, பழைய ஆயில் எடுக்கும் சர்வீஸ் பட்டறையில் கொடுத்துவிடுங்கள், சாக்கடையில் வேண்டாம்.